படம் வரையுற ஆளை பிள்ளைக்குக் காட்டணுமா?

வாசகர் கேள்வி, ஜனவரி 22, 2024

மார்த்தாண்டத்தில் இருந்து எழுதுகிறேன். மகனுக்கு எட்டு வயசு. எந்நேரமும் படக்கதைதான். அடுத்த மாசம் 17, 18 தேதிகளில் சென்னையில் காமிக் கான் என்ற படக்கதைத் திருவிழா நடக்கிறதாம், வரைகிறவர்கள் எல்லாம் வருவார்களாம், பிள்ளையைக் கூட்டிப் போங்கள் என்று மைத்துனன் நச்சரிக்கிறான். எனக்குப் பிடிபடவில்லை. தோசை நன்றாக இருந்தால் மாவு ஆட்டினவரைப் போய்ப் பார்க்கிறோமா? போக்குவரத்துச் செலவுக்கு இருபது புத்தகம் வாங்கிக் கொடுத்துவிடலாம். நான் சொல்வது தப்பா?

ஜனவரி 23, 2024

தப்பில்லை அண்ணாச்சி. ஆனா நான் போறேன். மகளுக்கு ஒன்பது வயசு. ரயில் டிக்கெட் டிசம்பர்லயே எடுத்தாச்சு. 120 நாள் முன்னாலயே முன்பதிவு திறந்துடும், பொங்கல் கழிஞ்சு பாத்துக்கலாம்னு இருந்தா வெயிட்டிங் லிஸ்ட்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவில்ல கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறினா சனிக்கிழமை விடிய எழும்பூர். அங்கேயே மெட்ரோ பிடிச்சா கோயம்பேடு, வடபழனி வழியா நேரா ஆலந்தூர். அங்க இருந்து நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு ஆட்டோ.

தோசை விஷயத்துக்கு வாறேன். எங்க அத்தான் வடசேரியில் ரசவடை சாப்பிட்டு நல்லா இருந்தா அடுப்படி வரைக்கும் போய் மாஸ்டர் முகத்தைப் பாத்துட்டுத்தான் வெளியே வருவாரு. அப்படியும் ஆள் உண்டு.

ஜனவரி 23, ராத்திரி

மேல எழுதினதுல உண்மைக் காரணத்தைச் சொல்லல.

எனக்குப் படக்கதை பழக்கமானது சலூன்ல. பாட்டா முடிவெட்டக் கூட்டிட்டுப் போவாரு, அங்க அட்டை கிழிஞ்ச இரும்புக்கை மாயாவி கிடக்கும். முத்து காமிக்ஸ், சிவகாசியில் 1972 ஜனவரியில் மாயாவியோடதான் ஆரம்பிச்சாங்க. கரண்ட் கம்பியில் கை வச்சா ஆள் மறைஞ்சுருவாரு, இரும்புக் கை மட்டும் அந்தரத்துல நிக்கும். அதை நம்பி நான் வீட்டு பிளக்கில் ஸ்பூனை விட்டது தனிக் கதை. சொல்ல வந்தது என்னன்னா, இந்தப் படத்தை யாரோ ஒரு மனுஷன் உக்காந்து வரைஞ்சிருப்பான்னு எனக்கு இருபது வயசு வரைக்கும் தோணவே இல்ல. மழை மாதிரி, ரப்பர் மரத்துப் பால் மாதிரி அது வரும்னு நினைச்சேன். புத்தகத்துல பேர் தேடினாலும் கிடைச்சதில்ல. யாரோ லண்டன்காரத் துரை வரைஞ்சிருப்பார்னு பின்னால நானா முடிவு கட்டிக்கிட்டேன்.

பிள்ளை இந்த ஞாபகத்தோட வளரக் கூடாதுன்னு ஒரு எண்ணம். அவ்வளவுதான்.

ஜனவரி 27, 2024

லண்டன்காரர் இல்ல! மாயாவியை வரைஞ்சவர் ஸ்பெயின்காரர், ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாவில் 1919-ல் பிறந்தவர். 1962-ல் இங்கிலாந்து வாரப் பத்திரிகை வேலியன்ட்டுக்காக வரைஞ்ச தொடர் அது. 1995-ல் இறந்துட்டார். பார்சிலோனாவில் கிளம்பி, லண்டன்ல அச்சாகி, சிவகாசிக்கு வந்து தமிழாகி, கோட்டாறு சலூன்ல எண்ணெய் பிசுக்கோட என் கைக்கு வந்திருக்கு. மகள்கிட்ட சொன்னேன். "அப்போ அவரைப் பாக்க முடியாதா?"ன்னு கேட்டா. முடியாது மக்களே.

ஜனவரி 28, 2024

வேடம் போட்டுக்கிட்டுப் போகலாமாம், நிறைய பேர் போடுவாங்களாம். மகள் மாயாவியா வரப் போறாளாம். ரொம்ப சுலபமான வேடம், கேட்டேளா? ஆள் மறைஞ்சிருக்காரு, கை மட்டும் தெரியுது. சாதாரண சுடிதார், ஒத்தைக் கையில் இரும்புக் கை. செலவு ஒரு ரப்பர் கையுறை, கடையில் திறந்து கிடந்த அரை டப்பா சில்வர் பெயிண்ட். கேட்டுக்கு அடிப்போமே, அதுதான். (எனக்குத் தக்கலைப் பக்கம் பிளம்பிங் சாமான் கடை. இனி வரப் போற அறிவுரை எல்லாம் அந்தக் கண்ணோட வரும், பொறுத்துக்கிடுங்க.)

பிப்ரவரி 4, 2024

பிள்ளையோட போறவங்களுக்கு, நான் விசாரிச்ச வரைக்கும்:

படம் வரையுறவங்க வரிசையா மேசை போட்டு உக்காந்திருப்பாங்க. புத்தகம், பிரிண்ட், ஸ்டிக்கர், பேட்ஜ் விப்பாங்க. வாங்கின புத்தகத்துல கையெழுத்து கேட்டா சந்தோஷமாப் போடுவாங்க. ஆனா "பிள்ளைக்குச் சும்மா ஒரு படம் வரைஞ்சு குடுங்க"ன்னு கேக்கக் கூடாது. அதுதான் அவங்க பிழைப்பு. என் கடைக்கு வந்து ஒரு எல்போ சும்மா குடுன்னு கேட்டா நான் குடுப்பேனா? காசு குடுத்து வரையச் சொல்லலாம், அதுக்குத் தனி விலை எழுதி வச்சிருப்பாங்க.

பிரிண்டை எப்படி ஊர் கொண்டுவந்து சேக்கறது? மடிச்சா போச்சு. 2 இஞ்சு பி.வி.சி. பைப்பில் 35 சென்டிமீட்டர் வெட்டி, ரெண்டு பக்கமும் எண்ட் கேப் போட்டா ஏ3 தாள் சுருட்டி உள்ளே போயிரும். தாளோட குட்டைப் பக்கம் 30 சென்டிமீட்டர்தான். மழையே பெஞ்சாலும் ஒண்ணும் ஆகாது.

கேள்வி அஞ்சு நோட்டுல எழுதி மகளை மனப்பாடம் பண்ண வச்சிருக்கேன். எந்தப் பேனா, எந்தத் தாள், எந்த வயசுல ஆரம்பிச்சீங்க, இப்படி.

பிப்ரவரி 16, ரயிலில்

வள்ளியூர் தாண்டியாச்சு. மகள் மட்டிப் பழம் நாலு தின்னுட்டு மேல் பெர்த்தில் கையுறையைப் போட்டுக்கிட்டு விரலை மடக்கி மடக்கிப் பாக்கா. பெயிண்ட் பொரிஞ்சு விழுது. கீழ் பெர்த் பெரியவர் மேல சில்வர் மழை. மன்னிப்புக் கேட்டாச்சு. ரப்பர்ல எண்ணெய் பெயிண்ட் நிக்காதுன்னு வாடிக்கையாளருக்கு ஆயிரம் தடவை சொன்னவன் நான்.

பிப்ரவரி 19, 2024

வந்து சேர்ந்தோம். தூக்கம் இல்ல. சுருக்கமா: சரியா அமையல அண்ணாச்சி. மகள் ரொம்பப் பாக்க நினைச்ச ஒருத்தரோட வரிசைக்கு நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள அன்னைக்கு நேரம் முடிஞ்சு போச்சு. தப்பு எங்க மேலதான். காலையில் இட்லி சாப்பிட்டு, அத்தை வீட்டுல குளிச்சு, தலை பின்னி, மெதுவா மதியம் வந்தா யாரு நமக்காகக் காத்திருப்பா? கூட்டம்னா அப்படிக் கூட்டம். பத்து வயசுக்குக் கீழே கூட்டிட்டுப் போகாதீங்க. உங்க இருபது புத்தகக் கணக்குதான் சரி.

பிப்ரவரி 20, 2024

நேத்து எழுதினதைத் தூக்கக் கலக்கத்துல எழுதினதா எடுத்துக்கிடுங்க. முழுசா சொல்றேன்.

வாசல்ல பையைத் திறந்து பாக்காங்க, வேடக்காரங்க கத்தி கேடயம் எல்லாம் கொண்டு வர்றதால. என் பைப்பை எடுத்த தம்பி ஒரு நிமிஷம் அதையே பாத்தான். "என்ன சார் ஆயுதம் இது?" பிரிண்ட் வைக்க தம்பின்னேன். கழட்டிக் காட்டச் சொன்னான். கேப் வரல. பசை எதுவும் போடல, சும்மா அழுத்தித்தான் வச்சேன். உள்ளே காத்து அடைச்சுக்கிட்டு கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். கழண்டப்போ 'டப்'புன்னு வந்த சத்தத்துல பக்கத்துல நின்ன ஸ்பைடர்மேன் துள்ளிட்டான். இருபது வருஷம் பைப் வித்தவனுக்கு, கேப்பில் சின்னதா ஒரு காத்து ஓட்டை போடணும்னு தோணலையே.

உள்ளே போய், அந்த வரிசையை விட்ட பிறகு மகள் முகம் தொங்கிப் போச்சு. சும்மா மேசை மேசையா நடந்தோம். ஓரத்துல ஒரு மேசை, ஆள் யாருமில்ல. முப்பது வயசுக்குள்ள ஒரு பையன் குனிஞ்சு வரைஞ்சுக்கிட்டு இருந்தான். தமிழ்தான். வலது கையில் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் மட்டும் மூடுற ஒரு பாதிக் கையுறை. மகள் அதையே பாத்தா. அவன் இவளோட சில்வர் கையைப் பாத்தான். "உனக்கு முழுசு, எனக்கு அரைகுறை"ன்னான். கை தாள்ல உரசி மை கலையாம இருக்கத்தானாம் அது.

நான் நோட்டை நீட்டினேன். அவ நோட்டைத் தொடவே இல்ல. "அண்ணனுக்கு எது வரைய வராது?"ன்னு கேட்டா.

இந்தக் கேள்வி என் அஞ்சுல கிடையாது.

அவன் கொஞ்சம் யோசிச்சான். "குதிரை வராது. சைக்கிள் சுத்தமா வராது." வரைஞ்சு காட்டுங்கன்னா. நீலப் பென்சிலை எடுத்தான். முதல்ல ரெண்டு வட்டம், அழிச்சான், திரும்ப ரெண்டு வட்டம். நடுவுல கம்பி. பெடல் எங்க வரும்னு தலையைச் சொறிஞ்சான். செயினை முன் சக்கரத்துல மாட்டினான். மகள் சிரிச்சிட்டா. "அண்ணே, செயின் பின்னால! அப்போ ஸ்டாண்டு எங்க? சாய்ஞ்சிருமே." அவன் பென்சிலை அவ கையில் குடுத்தான். அவ ஸ்டாண்டு போட்டா, கேரியர் போட்டா, கேரியர்ல ஸ்கூல் பை வச்சா. அதுக்கு மேல அவன் கறுப்பு பிரஷ் பேனாவை ஓட்டினான். நீலக் கோடு அப்படியே அடியில் கிடந்துது. அச்சுக்குப் போகும்போது அந்த நீலம் தெரியாத மாதிரி எடுத்துருவாங்களாம், அதனாலதான் நீலப் பென்சிலாம்.

இருபது நிமிஷம் இருக்கும். நான் ஓரமா நின்னேன், எனக்கு அங்க வேலையே இல்ல.

கிளம்பும்போது அவன் புத்தகம் ஒண்ணும் ஒரு பிரிண்டும் வாங்கினோம். சைக்கிள் தாளுக்கு எவ்வளவுன்னு கேட்டேன். "பாதி அவ வரைஞ்சது சார், அவளுக்கும் நான் குடுக்கணுமே"ன்னான். காசு வாங்கல. பிப்ரவரி 4-ல் எல்போ உதாரணம் சொல்லிப் பெரிசா சட்டம் பேசினவன் நான், சும்மா வாங்கிட்டு வந்துட்டேன். இன்னும் உறுத்துது.

பிப்ரவரி 20, ராத்திரி

விட்டுப்போனது. மாயாவியை அந்த மண்டபத்துல ஒருத்தருக்கும் தெரியல. "ரோபோவா?", "தானோஸ் கையா?" இப்படித்தான் கேட்டாங்க. கழிப்பறைப் பக்கம் நரைச்ச மீசை ஒருத்தர் மட்டும் நின்னு பாத்துட்டு, "கரண்ட்ல கை வச்சியா பாப்பா?"ன்னு கேட்டாரு. மகள் என்னைப் பாத்தா. எனக்கு அவரைக் கட்டிப் பிடிக்கணும் போல இருந்துது. பிடிக்கல. கூச்சம்.

பிப்ரவரி 24, 2024

பைப் திருத்தம்: 2 இஞ்சு போதாது. பிரிண்ட் தாள் கல்யாணப் பத்திரிகை மாதிரி கெட்டித் தாள், ஒடுக்கிச் சுருட்டினா திரும்ப நிமிரவே மாட்டேங்குது. நாலு நாளா என்சைக்ளோபீடியாவுக்கு அடியில் கிடக்கு. 3 இஞ்சு வாங்குங்க. காத்து ஓட்டை மறக்காதீங்க.

இன்னொண்ணு. விரிச்சப்போதான் பாத்தோம், பிரிண்டோட ஓரத்துல சில்வர் பெருவிரல் தடம், ரேகை சுத்தமாத் தெரியுது. மகளோடது. என் வீட்டுக்காரி "இவ்வளவு தூரம் போய் கறையோட வந்திருக்கீங்க"ன்னா. மகளோ வீட்டுக்கு வாற ஆளுகளுக்குப் படத்தைக் காட்டறதில்ல, தடத்தைக் காட்டுதா.

மார்ச் 3, 2024

மார்த்தாண்டம் அண்ணாச்சி தனியா கேட்டிருந்தார்: இங்கிலீஷ் தெரியாத பிள்ளைக்கு அங்க என்ன இருக்கு? நியாயமான கேள்வி. 2011-ல் டெல்லியில் ஆரம்பிச்சது இந்தக் காமிக் கான், சென்னைக்கு இதுதான் முதல் தடவை. மேசையில் இருக்கறதுல பெரும்பகுதி இங்கிலீஷ்தான், ஒத்துக்கிடுதேன். தமிழ்ப் படக்கதைதான் வேணும்னா சென்னை புத்தகக் காட்சியில் லயன்-முத்து காமிக்ஸ் ஸ்டாலுக்குக் கூட்டிட்டுப் போங்க, டெக்ஸ் வில்லர் கௌபாய்க் கதைகளை அடுக்கி வச்சிருப்பாங்க.

ஆனா பிள்ளைக்கு மொழி பெரிய தடையா இருக்கல. பெங்களூர்ல இருந்து வந்த ஒரு பொண்ணுகிட்ட இவ ஒரு வார்த்தை பேசல, பூனை ஸ்டிக்கரைக் காட்டி "மியாவ்"ன்னா, அவங்களும் "மியாவ்"ன்னாங்க, வியாபாரம் முடிஞ்சுது.

டிங்கிள்ங்கற சிறுவர் பத்திரிகையில் வர்ற சுப்பாண்டியைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். டிங்கிள் பம்பாய்ப் பத்திரிகை, அதனால சுப்பாண்டியும் பம்பாய் ஆபீஸ்ல பிறந்தவன்னு மகள்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். இல்லையாம். திருச்சி வாசகர் பி. வரதராஜன் எழுதி அனுப்பின கதையில் இருந்து வந்தவன், 1983-ல். அந்த நீள மண்டையையும் ஒட்டின கன்னத்தையும் குடுத்தவர் ராம் வாயீர்கர். அவருக்குப் பிறகு அவர் மகள் அர்ச்சனா அம்பேர்கர் வரைஞ்சாங்க. "அப்பா வரைஞ்சதை மகள் வரைஞ்சாங்களா?"ன்னு நம்ம ஆளு ரெண்டு தடவை கேட்டா. எங்க கடையை இவ எடுத்து நடத்துவாளான்னு நானும் பதிலுக்குக் கேட்டேன். பைப் நாத்தம் பிடிக்காதாம்.

மே 12, 2024

இழையை விட்டு விலகுறேன், ஆனா அண்ணாச்சி ஊர்ப் பக்கத்து விஷயம்தான்.

இன்னைக்கு சிதறால் மலை ஏறினோம். மைனியும் பிள்ளைகளும் லீவுக்கு வந்திருக்காங்க. கல் பாவின பாதை, வெயில் மண்டையைப் பிளக்குது. மேல பாறையில் வரிசையா சமணத் தீர்த்தங்கரர்கள், தலைக்கு மேல முக்குடை. நான் பள்ளிக்கூடத்துல இருந்து எத்தனையோ தடவை பாத்தது. மகள் நின்னு பாத்துட்டு, "எப்பா, கட்டம் கட்டமா இருக்கு, காமிக்ஸ் மாதிரி"ன்னா. அதோட விட்டாளா? "யாரு செஞ்சது, பேர் போட்டிருக்கா?"

போட்டிருக்கு. சிற்பத்துக்குக் கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழசு. அச்சணந்தின்னு ஒரு சமண முனிவர் பேர் அதுல உண்டு. ஆனா அது 'செய்வித்தவர்' பேர். செய்யச் சொன்னவங்களோட பேர். உளி பிடிச்சவன் பேர் இல்ல. இதை எப்படி அவளுக்குச் சொல்லன்னு முழிச்சேன். கடைசியில், "இது பதிப்பாளர் பேர் மக்களே"ன்னு சொல்லி வச்சேன். மைனி சிரிச்சாங்க. மகள் சிரிக்கல. சிற்பத்தோட முட்டுப் பக்கம், காதுப் பக்கம் எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு தேடினா, எங்கயாவது சின்னதா கையெழுத்து போட்டு ஒளிச்சு வச்சிருப்பாங்களாம். அந்த அண்ணன் அவன் படத்துல புல்லுக்குள்ள அப்படித்தான் ஒளிச்சிருந்தானாம். எனக்கு அது தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்து பிரிண்டை எடுத்துப் பாத்தேன். புல்லுக்குள்ள இருக்கு.

ஜூலை 7, 2024

பள்ளிக்கூடத்துல இருந்து கூப்பிட்டாங்க. கணக்கு நோட்டுல ஒவ்வொரு கணக்குக்குக் கீழேயும் கையெழுத்து போட்டு வைக்காளாம். தப்பான கணக்குக்கும்.

நவம்பர் 16, 2024

"பத்து வயசுக்குக் கீழே கூட்டிட்டுப் போகாதீங்க"ன்னு பிப்ரவரியில் எழுதினதை இன்னும் சிலர் எடுத்துக் காட்டறாங்க. அதை விட்டுருங்க. வயசு பிரச்சனை இல்ல. ரெண்டு மணி நேரம் நடக்கத் தெம்பு இருக்கணும், காது பொத்துற சத்தம் தாங்கணும். எங்க மைனி மகனுக்குப் பன்னிரண்டு வயசு, அவனைக் கூட்டிட்டுப் போயிருந்தா அரை மணி நேரத்துல போனைக் கேட்டிருப்பான்.

நேர்மையா இதையும் சொல்லிடுதேன். மகள் இப்போ முன்ன மாதிரி வரையறதில்ல. ஆகஸ்ட்ல இருந்து ஷட்டில் பைத்தியம். சைக்கிள் படம் மட்டும் அலமாரிக் கதவுல ஒட்டியிருக்கு. "ஓவியர் ஆகப் போறாளா?"ன்னு கேக்கறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல. அதுக்காகக் கூட்டிட்டுப் போகல.

ஜனவரி 12, 2025

அண்ணாச்சி ஒரு வருஷம் கழிச்சு மனசு மாறி, இந்தத் தடவை மகனைக் கூட்டிட்டுப் போறாராம். பிப்ரவரி 8, 9, அதே நந்தம்பாக்கம். சந்தோஷம். பழைய குறிப்பில் ரெண்டைத் திருத்திக்கிடுங்க.

ஒண்ணு, முன்பதிவு 120 நாள்னு எழுதியிருந்தேன். நவம்பர் 1-ல் இருந்து 60 நாள்தான். ரெண்டு, ஆகஸ்ட் 31-ல் இருந்து நாகர்கோவில்ல இருந்தே வந்தே பாரத் ஓடுது. மதியம் ரெண்டரைக்கு முன்னால கிளம்பி ராத்திரி பதினோரு மணிக்கு எழும்பூர். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தூங்கி விழுற ஒன்பது வயசுப் பையனை அந்நேரம் தோள்ல போட்டுக்கிட்டு ஆட்டோ பேரம் பேசணும். நான் திரும்பப் போனாலும் ராத்திரி ரயில்தான். சனிக்கிழமை காலையில் தலை பின்னிக்கிட்டு இருக்காம நேரா மண்டபத்துக்குப் போயிருங்க. உங்களுக்கு மகன்தான், அந்தத் தொல்லை இல்ல.

கேள்வி எழுதிக் குடுக்காதீங்க.

சைக்கிள் அண்ணன் மேசை போட்டிருந்தா ரெண்டு புத்தகம் கூடுதலா வாங்குங்க, காசு நான் தாறேன். புத்தகத்தை மார்த்தாண்டத்துல வச்சே வாங்கிக்கிடுதேன். பைப் என் கடையில் வெட்டி வச்சிருக்கேன், 3 இஞ்சு, 35 சென்டிமீட்டர், கேப்பில் காத்து ஓட்டை போட்டாச்சு. அடிக் கேப்புக்கு மட்டும் பைப் ஒட்டுற சொல்யூஷன் தடவியிருக்கு. மேல் கேப்பைச் சும்மா சொருகினா போதும். ரெண்டுக்கும் தடவிட்டு ரம்பத்தோட என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.